பாட்டின் பெயரிலேயே 'சாரி' இருக்கிறது, இன்னும் என்ன மன்னிப்பு?

ஒரு பாட்டு ஒருவரைப் புண்படுத்த எவ்வளவு காலம் ஆகும்? 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டுக்கு 6 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு அதை மேடையேற்றியது 2018இல். அன்றிலிருந்து யூடியூபில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி கிடக்கிறது. பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி தன் '100 பெண்கள்' பட்டியலில் சேர்த்தது. ஆண்களே கோலோச்சும் கானாவில் ஒரு பெண் குரல் என்று வாழ்த்துகள் குவிந்தன. 2021இல் பிக் பாஸ் ஐந்தாவது சீசனில் போட்டியாளராக அவர் தினமும் இரவு நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தார். விரதம் இருந்து மலைக்குப் போகிற குடும்பங்களும் அதைப் பார்த்திருக்கும். அப்போதெல்லாம் எந்தப் பக்தர் மனமும் நோகவில்லை. 2024 நவம்பரில், கார்த்திகை பிறந்து துணிக்கடை வாசலில் கறுப்பு வேட்டிகள் தொங்க ஆரம்பித்த நேரத்தில், பழைய வீடியோவை யாரோ துண்டாக வெட்டிச் சுற்றுக்கு விட்ட பிறகுதான் நொந்தது.

அதன்பின் எல்லாம் பழகிய வரிசையில் நடந்தது. ஊருக்கு ஊர் காவல் நிலையங்களில் புகார்கள். இசைவாணியைக் கைதுசெய், பா. ரஞ்சித்தைக் கைதுசெய் என்று அறிக்கைகள். இன்னொரு பக்கம் இங்கே எழுத முடியாத வசைகள், மிரட்டல்கள், ஒட்டி வெட்டிச் செய்த ஆபாசப் படங்கள். கடைசியில், குற்றவாளி என்று சுட்டப்பட்ட பெண்ணே சென்னை காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டிவந்தது.

புகார் கொடுத்தவர்களைப் பற்றி எழுதி இந்தப் பத்தியை வீணாக்கப் போவதில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். எப்போதும் செய்வார்கள். எனக்குக் கணக்கு இருப்பது கைதட்டியவர்களோடு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி.நகரிலும் இருந்துகொண்டு இந்தக் குழுவைத் 'தமிழின் உண்மையான ஆல்டர்நேட்டிவ்' என்று கொண்டாடிய நம்மோடு.

2018 ஜனவரி 6 மாலை கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானத்தில் நடந்த முதல் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். எம்.ஏ. முடித்து ஆய்வுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். எலக்ட்ரிக் கித்தார், பேஸ், டிரம்ஸ் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்டமோளம் இன்னொரு பக்கம். ராக் கச்சேரியில் நாட்டார் கருவியை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வார்களே, அந்த வகை இல்லை. அங்கே கானாதான் சோறு. கித்தார் அதற்குக் குழம்பு. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர். புளியந்தோப்பிலிருந்து நண்பர்களோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள், நீலக்கொடிகள். இவர்களுக்கு நடுவே, நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு கூட்டமும் இருந்தது. அடையாறிலிருந்து கேப் பிடித்து வந்த கூட்டம். நானும் அதில்தான் வந்தேன்.

குழுவின் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஏதோ நியூயார்க் பேண்டின் பெயர்போல இருக்கிறது என்று அன்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அது அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்த பெயர். சாதி பேதமற்ற தமிழர் என்று பூர்வகுடிகளை அடையாளப்படுத்தியவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி ராயப்பேட்டையிலிருந்து நடத்தினார். இன்றைக்கு மியூசிக் அகாடமி இருக்கிற இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆக அந்தப் பெயர் வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை, நீங்கள் நினைக்கிற மாதிரி பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அச்சில் ஏறியது.

தென்சென்னைக்கு ராக் புதிதில்லை. ஐஐடி சாரங் விழாவின் ராக் இரவுக்கு அனுமதிச்சீட்டு வாங்க அலைந்த தலைமுறைகள் உண்டு. அடையாறில் அன்வைண்ட் சென்டர் இருந்த காலத்தில் வார இறுதிகளில் அங்கே போய்க் காது இரைய வீடு திரும்பியவர்கள் இப்போது ஓஎம்ஆரில் மேலாளர்கள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் டீ ஷர்ட்டை நாட்டுச் சலவைக் கற்களில் துவைத்து வெளுக்க வைத்த ஊர் இது. அந்தக் குழு எந்த இயந்திரத்தை எதிர்த்தது என்று கேட்டால் நம்மவர்கள் சரியாகவே சொல்வார்கள். அமெரிக்க நிறவெறி, காவல்துறை, பெருநிறுவனங்கள். எல்லாம் மனப்பாடம்.

2023 ஜூலையில் சினேட் ஓ'கானர் இறந்தபோது என் அலைபேசி முழுக்க அஞ்சலிகள். 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் போப்பாண்டவரின் படத்தைக் கிழித்தவர் அவர். திருச்சபைக்குள் குழந்தைகள்மீது நடந்த பாலியல் கொடுமைகளைக் கேள்வி கேட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பாப் டிலனைக் கொண்டாட நடந்த கச்சேரியில், அவர் மேடை ஏறியதும் கூட்டத்தில் பலர் ஊளையிட்டார்கள். எதிர்ப்புப் பாடல்களுக்கென்றே பெயர்போன ஒரு மனிதருக்கு விழா எடுக்க வந்த கூட்டம் அது! அன்று கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் என்ற மூத்த பாடகர் மேடைக்கு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். அந்தப் படத்தைத்தான் நம்மவர்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். 'இப்படி ஒருத்தர் பக்கத்துல நின்னா போதும்' என்று ஒரு தோழி எழுதியிருந்தார். எனக்கு அந்த வரி நினைவில் இருக்கிறது.

அதற்கும் முன்பு 2012 பிப்ரவரியில் மாஸ்கோ தேவாலயத்துக்குள் நுழைந்து பங்க் பாட்டுப் பாடிய புஸ்ஸி ரயட் பெண்களுக்கு மதவெறுப்போடு ரவுடித்தனம் செய்தார்கள் என்று 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்போது மடோனா மேடையிலேயே குரல் கொடுத்தார். சென்னையில் கல்லூரி வகுப்பறைகளில் அதைப் பற்றிப் பேசினோம். வழிபாட்டிடம், பெண், கித்தார், அரசின் வழக்கு. ரஷ்யாவில் நடந்தால் அது கலைச் சுதந்திரம் என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சரி, நவம்பர் 2024க்கு வருவோம். கச்சேரி போகிற நண்பர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 23 பேர். கீழ்ப்பாக்கம் மைதானத்துக்கு வந்தவர்கள் அதில் பாதிக்கு மேல். இசைவாணிமீது புகார் என்ற செய்தியை அங்கே போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள், நீலக் கோடு விழுந்தது. ஒருவர் அழுகிற முகம் ஒன்றைப் போட்டார். 40 நிமிடம் கழித்து அடுத்த செய்தி வந்தது: இந்த டிசம்பரில் எந்த சபா கேண்டீன் யார் எடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல். அதற்கு 17 பதில்கள். கீரை வடைக்கு மட்டும் தனி விவாதம்.

மோசமான மனிதர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள், வெள்ள நிவாரணத்துக்கு ராத்திரி முழுக்க அரிசி மூட்டை தூக்கியவர்கள். ஆனால் அந்தப் பாட்டை அவர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று யோசித்தால் இந்த மௌனம் ஆச்சரியமாக இல்லை. கச்சேரி முடிந்து வரும்போது காரில் என்ன பேசினார்கள்? 'செம சவுண்டு.' 'ரொம்ப ரா-வா இருக்கு.' 'வடசென்னை வைப்.' பாடியவர்கள் என்ன கேட்டார்கள் என்று யாரும் பேசவில்லை. பாட்டில் ஒரு கோரிக்கை இருந்தது. கோயிலுக்குள் நான் வந்தால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் அதன் பேஸ் கித்தாரைப் பாராட்டினோம். கோரிக்கையாக ஏற்றுக்கொள்ளாத பாட்டுக்கு ஆபத்து வரும்போது கூடப் போய் நிற்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பிடித்த ஹோட்டலை மூடிவிட்டார்கள் என்ற அளவு வருத்தம்தான் வரும்.

அந்த 'வடசென்னை' என்ற சொல்லும் அவ்வளவு அப்பாவியான சொல் இல்லை. இசைவாணி ராயபுரத்துப் பெண், வடசென்னைக்காரர் என்பது உண்மை. ஆனால் கானா வடசென்னைச் சொத்து என்பது தென்சென்னை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதை. தி.நகரின் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் கண்ணம்மாபேட்டை சுடுகாடு இருக்கிறது. மயிலாப்பூரின் தெப்பக்குளத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் பல்லக்குமாநகர், கடற்கரைக்குப் போனால் நொச்சிக்குப்பம், அடையாறில் ஊரூர் குப்பம். இங்கெல்லாம் சாவு விழுந்திருக்கிறது, இரவு முழுக்கப் பாடியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் மாடி வீடுகளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

என் ஆய்வு நகரத்தின் ஒலிகளைப் பற்றியது. அதற்காகப் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் பலமுறை போயிருக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் இறக்கிய இடம். அங்கே 60 வயதைத் தாண்டிய ஒரு கானா பாடகரிடம் இப்போது பாடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "அங்க ஆத்தோரம் ஒரு சாவுன்னா பந்தல் போட்டு விடிய விடிய பாடுவோம்மா. இங்க சாவு எட்டாவது மாடில. லிப்ட் ஓடல. பாடிய எறக்கறதுக்கே நாலு பேர் தேடணும். எங்க ஒக்காந்து பாடறது?" என்றார். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அந்த மக்களுக்குக் காட்டிய மாற்று இடமும் பெரும்பாக்கம்தான். பாடுகிறவர்களை ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் பாட்டைக் கேட்க நம் ஊருக்கே டிக்கெட் போட்டு அழைத்து, அதற்கு 'வடசென்னை வைப்' என்று பெயரும் வைக்கிறோம்.

நேரில் பார்த்தபோது நண்பர்கள் சொன்ன சமாதானங்களுக்கு வருகிறேன். முதலாவது, பாடகரின் மதம். 'அவங்க கிறிஸ்டியனாமே, ஐயப்பனைப் பத்தி ஏன் பாடணும்' என்று முற்போக்காளர் ஒருவரே கேட்டார். ட்ரோல்கள் தோண்டிப் போட்ட மண்ணை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அவர் மதம் என்னவாக இருந்தாலும் எனக்கு அக்கறையில்லை. ஆனால் சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கிற தாலாட்டைப் பாடியவர் யேசுதாஸ், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐயப்பனின் தோழர் வாவர் ஒரு முஸ்லிம். எருமேலியில் பக்தர்கள் அவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத்தான் மலையேறுகிறார்கள். வேற்று மதத்தவர் பாடுவதால் ஐயப்பன் சங்கடப்பட்டதாக இதுவரை தகவல் இல்லை. ஆக மதம் சிக்கல் இல்லை. துதித்தால் எந்த மதமானாலும் சரி, கேட்டால்தான் மதம் பார்ப்பார்கள். (அதே யேசுதாஸ் குருவாயூருக்குள் போகமுடியாமல் வெளியே நின்ற கதையும் எல்லோருக்கும் தெரியும். துதித்தாலும்கூட வாசல்வரைதான்.)

இரண்டாவது, 'அது கேரளா மேட்டர்.' விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி எந்த மாநிலத்தில் இருக்கிறது? 2023இல் அங்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் திறந்தார்கள், பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்துவிட்டு வரலாம், பொதுமக்கள் யாரும் வரக்கூடாது என்று. தலித்துகளை உள்ளே விடுவதைவிட அம்மனைத் தனியாகப் பூட்டி வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது. 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் சபரிமலையில் தரிசனம் செய்ததும் நடை சாத்திச் சுத்திகரிப்பு செய்தார்கள். மேல்பாதி பூட்டையும் சபரிமலைத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் இது பெண்ணிடம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட எல்லோர் உரிமைக்கும் போகிற பாட்டாக இருக்கிறது. 2018 செப்டம்பர் 28 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இதைத்தான் சட்ட மொழியில் எழுதினார். மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவது தீண்டாமையின் ஒரு வடிவம், அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும் என்றார். அந்தத் தீர்ப்பு மறு ஆய்வுக்குப் போய், 2019 நவம்பரில் பெரிய அமர்வு ஒன்றிடம் கேள்விகளாக அனுப்பப்பட்டது வேறு கதை. ஆனால் உச்ச நீதிமன்ற நீதிபதி எழுதினால் சட்டம், ராயபுரத்துப் பெண் பாடினால் குற்றமா? மத உணர்வைப் புண்படுத்துவதற்கான சட்டப்பிரிவு, பழைய 295ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்கிறது. 'உள்ளே வரலாமா' என்று கேட்பதில் என்ன தீய நோக்கம்?

மூன்றாவது சமாதானம்தான் நம் ஆட்களிடம் அதிகம் கேட்டது. 'இப்ப இதைக் கிளப்பினா பிஜேபிக்குத்தான் லாபம், அமைதியா இருக்கறதுதான் புத்திசாலித்தனம்.' கிளப்பியது யார்? 6 ஆண்டுகள் சும்மா இருந்த பாட்டு அது. அவர்கள் கிளப்பினால் நாம் அமைதி, நாம் பேசினால் அவர்களுக்கு லாபம். இந்தக் கணக்கில் எந்த வருடம், எந்த மாதம் பேசலாம் என்று ஒரு நாட்காட்டி போட்டுக் கொடுத்தால் உதவியாக இருக்கும். 2019 தேர்தல் வருடம், பேசக்கூடாது. 2021 தேர்தல் வருடம். 2024ம் அப்படியே. 2026உம் தேர்தல் வருடம். வைக்கத்துக்குப் பெரியார் போன 1924இல் இந்த நண்பர்கள் இருந்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள், மகாதேவர் திருவிழா முடியட்டும் என்றிருப்பார்கள்.

நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. பாட்டு 2018இல் வந்தது, கோயில் நுழைவு உரிமை பற்றியது, அதை ஐயப்பனை இழிவுசெய்யும் பாட்டாகத் திரிக்கிறார்கள், பாடகரைக் குறிவைக்கிறார்கள் என்றது. வழக்கு மிரட்டலுக்கு நடுவே ஓர் அமைப்பு அப்படித்தான் பேச முடியும், பேசவும் வேண்டும். ஆனால் வழக்கு இல்லாத நாமும் அந்த அறிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'அது ஐயப்பன் பாட்டே இல்லப்பா' என்று தோளைக் குலுக்குவது வேறு. ஐயப்பனைப் பற்றியும்தான். 10 வயது முதல் 50 வயது வரை பெண் உடலைத் தீட்டு என்று சொல்லும் ஒரு வழக்கத்தைப் பற்றித்தான். அதைத் தெளிவாகச் சொல்லும் சுதந்திரம் அன்று இசைவாணியைவிட நமக்கு அதிகமாக இருந்தது. நம்மிடம் அலைபேசியில் மிரட்ட யாரும் இல்லை.

இதே நகரத்தில், இதே ஆண்டில், இன்னொரு இசைச் சண்டையும் நடந்தது. 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தது. ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அகாடமித் தலைவர் என். முரளி தன் தேர்வை விட்டுக்கொடுக்காமல் பகிரங்கமாகப் பதில் எழுதினார். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான விருதை அவருக்குத் தரலாமா என்ற வழக்கு அதே நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் இருந்தது. கிருஷ்ணாமீது எனக்கு மதிப்பு உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டை 2017 பொங்கலன்று கர்நாடக ராகங்களில் பாடியவர். மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தித் தருகிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' எழுதியவர். 2020இல் அந்த நூல் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றபோது அவரும் அவமதிப்பைப் பார்த்தார்.

ஆனாலும் கவனியுங்கள். கிருஷ்ணாவுக்குப் பிரச்சினை வந்தபோது அது 'விவாதம்' ஆனது. ஆங்கில நாளிதழ்களில் பத்திகள், இரு தரப்புக் கருத்தரங்குகள், கலையா கலைஞரா என்ற தத்துவ ஆராய்ச்சி. என் வாட்ஸ்அப் குழுவில் அன்று 200 செய்திகள் விழுந்தன. இசைவாணிக்கு வந்தபோது அது 'சர்ச்சை', அதுவும் ஒரு சட்டம் ஒழுங்குச் செய்தி. நூற்றாண்டை நெருங்கும் ஒரு சபா கிருஷ்ணா பக்கம் கடிதத் தலைப்போடு நின்றது. இசைவாணி பக்கம் எந்த சபா நின்றது? ஏன், அவர் பாடுவதும் மார்கழியில்தான், இந்த ஊரில்தான். 2020 டிசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. சபாக்காரர்களுக்கு அது தெரியாது என்று நம்பச் சொன்னால் நம்புகிறேன்.

இன்னொரு பாட்டின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவு எழுதிப் பாடியது, தீ உடன் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, நிலமில்லாத பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பாட்டு. உலகமே கேட்டது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையில் தீயின் படத்தைப் போட்டது. அறிவு அதில் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்கு டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. யார் தவறு, யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்று பிறகு ஒவ்வொருவரும் விளக்கம் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்குப் படுவது இதுதான்: பாட்டு பட்டத்துக்குப் போகும்போது எழுதியவன் படத்திலிருந்து விழுந்துவிடுகிறான். பாட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போதோ குழுவில் கித்தார் வாசித்தவர், டிரம்ஸ் அடித்தவர், ஒலி கலந்தவர் எல்லோரும் படத்திலிருந்து மறைந்து, பாடிய பெண்ணின் முகம் மட்டும் பெரிதாக நிற்கிறது. 19 பேராகத் தொடங்கிய ஒரு கூட்டுக் குழு, பெயரிலேயே கலெக்டிவ் இருக்கிறது, வசைக்கு மட்டும் ஒரே ஆளாகிவிடுகிறது.

அந்தப் பெண்ணிடம் என்ன கேட்கிறார்கள்? மன்னிப்பு. பாட்டின் பெயரிலேயே 'சாரி' இருக்கிறது. உள்ளே வர ஆசைப்பட்டதற்குச் சாமியிடம் முதலிலேயே சாரி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் கிண்டல் புரியாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. புரிந்துதான் கோபப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். பக்தர்களைக் கேலி செய்ததற்கான கோபம் என்று இதைச் சொல்ல மாட்டேன். வாசலில் நிற்க வேண்டியவள் கித்தாரோடு, சிரித்துக்கொண்டு, அழாமல் கேட்கிறாள் என்பதற்கான கோபம். நாம் மனுக் கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். அழுதால் அனுதாபப்படுவார்கள். ஆடிக்கொண்டே கேட்டால் தாங்க முடியாது. இது நம் முற்போக்கு வட்டத்துக்கும் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கருத்தரங்கில் தலித் பெண் தன் வலியைப் பேசினால் கண் கலங்கிக் கேட்கும் அதே அறை, அவள் கேலியாகப் பேசினால் 'டோன் கொஞ்சம்...' என்று இழுக்கிறது. ஓர் ஆய்வரங்கில் இந்தப் பாட்டைப் பற்றி நான் கட்டுரை வாசித்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி, 'இதில் எஸ்தட்டிக்ஸ் எங்கே இருக்கிறது?' போட்டுக் காட்டினேன். அரங்கின் பின்வரிசையில் முதலாம் ஆண்டு மாணவிகள் நால்வர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் ஒலியைக் குறைக்கச் சொன்னார்.

2025 ஜனவரி 6ஆம் தேதியோடு அந்த முதல் கச்சேரிக்கு 7 ஆண்டுகள். அன்று மாலை ஒரு சின்ன அரங்கில் கூடி அந்தக் குழுவின் பாட்டுகளை முழு ஒலியில் கேட்டுப் பேசலாம் என்று நாங்கள் 6 பேர் முடிவு செய்திருக்கிறோம். வடசென்னையில் இடம் கிடைக்கும். ஆனால் அடையாற்றில், இல்லாவிட்டால் மயிலாப்பூரில்தான் நடத்துவது என்று பிடிவாதமாக இருக்கிறோம். போன வாரம் ஓர் அரங்கைப் பார்த்தோம். 80 நாற்காலிகள், நல்ல ஸ்பீக்கர், வாடகையும் கட்டுப்படியாகும். பொறுப்பாளர் அன்பாகக் காபி வாங்கிக் கொடுத்தார். எந்தெந்தப் பாட்டு போடுவீர்கள், ஒரு லிஸ்ட் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். முதல் வரியில் அந்தப் பாட்டின் பெயரை எழுதியிருந்தோம். படித்துவிட்டு, கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். 9 நாள் ஆகிறது. இரண்டு முறை போன் செய்துவிட்டோம். நாளைக்கு நேரில் போகப்போகிறோம். வர முடிந்தவர்கள் மாலை 5 மணிக்கு இந்திரா நகர் ரயில் நிலைய வாசலுக்கு வாருங்கள்.